பூனையின் நகம் கொல்லக் கூடாது

உருமாறும் ஒரு பாத்திரத்தைக் கள்வராகவும் ஆக்குவது வீண்வேலை என்றொரு தீர்ப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடையே நெடுநாளாக நிலவிவருகிறது. விதிநூலைக் கரைத்துக் குடித்தவர்கள் வழங்கும் தீர்ப்பு இது. புதிதாக ஆடவருகிற ஒருவர், பூனையாக மாறி வீடு புகும் திருடியை ஆட விரும்புகிறேன் என்று ஆசையோடு சொன்னால், மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மூத்தவர்களில் ஒருவராவது காகிதத்தை இழுத்து வைத்துக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார். கணக்கு முடிவதற்குள் அந்த ஆசை அசட்டுத்தனமாகத் தோன்றும்படி ஆகிவிடுகிறது. வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, சரி, வெறும் ட்ரூயிடாகவே ஆடுகிறேன் என்கிறார். ஒரு நல்ல பாத்திரம் பிறப்பதற்கு முன்பே போய்விடுகிறது.

அந்தக் கணக்கில் பிழை இருப்பதாக நாம் சொல்லவரவில்லை. அளக்கத் தகாத ஒன்றை அந்தக் கோலைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதே நம் புகார். இதைவிடப் பெரிய புகார் ஒன்றும் உண்டு. அது, இந்தப் பாத்திரத்தின் மேல் இரக்கப்பட்டு விதியைத் தளர்த்திக் கொடுக்கிற நல்லவர்களைப் பற்றியது. முன்னவர்கள் பாத்திரத்தைப் பிறக்க விடுவதில்லை. பின்னவர்கள் பிறந்த கையோடு அதன் முதுகெலும்பை உருவிவிடுகிறார்கள்.

ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் உலகத்தையும் அதன் மாந்தரையும் விவரித்துக்கொண்டு போகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, தாம் என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். முடிவு ஐயத்துக்கிடமாகும் இடங்களில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்கிறது. ஆட்டக்காரர்கள் கிளாஸ் என்று குறிப்பிடும் வகுப்பு ஒன்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உண்டு. ஒன்றிலிருந்து இருபது வரை படிகள். அனுபவம் கூடக்கூடப் படியேறலாம். ஏறும்போது பழைய வகுப்பிலேயே அடுத்த படியை எடுக்கலாம், அல்லது வேறொரு வகுப்பின் முதற்படியில் கால் வைக்கலாம். இப்படிக் கலப்பதை மல்ட்டிகிளாஸ் என்பார்கள். நாம் பல்வகுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

நம் வழக்கில் வரும் வகுப்புகள் இரண்டு. ட்ரூயிட், இயற்கையைத் தெய்வமாகக் கொண்டு மந்திரம் கற்றவர். 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பின்படி அவருக்கு இரண்டாம் படியில் வைல்ட் ஷேப் என்னும் விலங்குரு கைவருகிறது. உடல் விலங்கினுடையதாகிவிடும், அறிவும் மனமும் பழையபடியே இருக்கும். நம் மரபில் கூடுவிட்டுக் கூடு பாய்கிறவர் தம் உடலை எங்கோ கிடத்திவிட்டு வேறோர் உடலுக்குள் போகிறார். ட்ரூயிட் தம் உடலையே வேறாக்கிக்கொள்கிறார் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். அவருக்குத் திரும்பிப் போக வேறோர் உடல் காத்திருக்கவில்லை. ரோக் என்பது கள்வர் வகுப்பு; ஒற்றரும் வேவுகாரரும் பூட்டுத் திறப்பவரும் அதில் அடக்கம். எதிரி அசந்த நேரத்தில் குத்தினால் கூடுதல் பகடை உருட்டும் ஸ்னீக் அட்டாக் அதன் தனிச்சொத்து. இதை மறைதாக்கு என்போம். முதற்படியில் ஓர் ஆறுமுகப் பகடையாகத் தொடங்கி, இரண்டு படிக்கு ஒன்றாகக் கூடி, 19ஆம் படியில் 10 பகடையாக நிற்கிறது.

இனி அந்தக் கணக்கைப் பார்ப்போம். பத்தாம் படியில் நிற்கும் முழு ரோக் மறைதாக்கில் 5 பகடை உருட்டுவார், சராசரி 17.5. அதே படியில் முழு ட்ரூயிட் ஐந்தாம் நிலை மந்திரங்களை ஓதுவார். ஐந்தும் ஐந்துமாகப் பிரித்துக்கொண்ட கலப்புப் பாத்திரத்துக்கு 3 பகடை, சராசரி 10.5. மந்திரமோ மூன்றாம் நிலையோடு நின்றுவிடும். இழப்பு இதோடு முடியவில்லை. மறைதாக்கு செல்லுபடியாக வேண்டுமானால் குத்துவாள் போன்ற லாகவமான ஆயுதமோ, தொலைவிலிருந்து தாக்கும் ஆயுதமோ வேண்டும் என்கிறது விதி. விலங்கின் பல்லும் நகமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே விலங்குருவில் மறைதாக்கு செல்லாது. அந்த உருவில் மந்திரமும் பொதுவாக ஓத முடியாது. அந்த உரிமை ட்ரூயிடின் 18ஆம் படியில்தான் வருகிறது. கள்வரின் கருவிகளை உடலோடு கரைத்துக்கொண்டால் அவற்றால் பயனில்லை; கீழே போட்டுவிட்டாலோ, அவற்றைப் பிடிக்கப் பூனைக்குக் கையில்லை. ஆக, இரண்டு வகுப்புகளும் ஒன்றையொன்று முடக்குகின்றன என்பது கணக்கரின் முடிவு. 2024இல் திருத்தி வெளியிட்ட விதிநூலிலும் மறைதாக்கு பற்றிய இந்த நிபந்தனை மாறவில்லை.

கணக்கர் எண்ணியது எதை? ஒரு சண்டையில், ஒரு சுற்றில், எதிரியின் உடலில் எத்தனை புள்ளிகள் குறைகின்றன என்பதை மட்டும். திருடியை ஆட விரும்புகிறேன் என்று வந்தவர் சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையே. அவர் வீடு புக விரும்பினார். சரி, வீடு புகுவதையே எண்ணிப் பார்ப்போம். விதிநூலில் வரும் பூனைக்கு மறைவுத்திறன் +4. மறைவில் பயிற்சியில்லாத ட்ரூயிட் பூனையானால் அந்த +4தான். வேறு வழியில் பயிற்சி பெற்றிருந்தால் பத்தாம் படியில் +6. ரோக் வகுப்பில் ஒரே ஒரு படி எடுத்து, அங்கே கிடைக்கும் எக்ஸ்பர்ட்டீஸ் என்னும் இரட்டிப்புத் தேர்ச்சியை மறைவுக்கு வைத்துக்கொண்டவர் அதே படியில் பூனையானால் +10. ட்ரூயிட் மூன்றாம் படியிலேயே கற்கக்கூடிய, தடமின்றிக் கடக்கச் செய்யும் மந்திரத்தை முன்கூட்டி ஓதிவிட்டு உருமாறினால், மனம் சிதறாதவரை இன்னொரு 10 கூடும். மொத்தம் +20. 2014 விதிநூல்களில் சாதாரணக் காவலாளிக்குச் சும்மா நிற்கும்போது உள்ள கவனிப்பு 12. பகடை 1 காட்டினாலும் அந்தப் பூனை 21இல் நிற்கிறது. காவலாளியின் கால்களுக்கிடையே நடந்துபோனாலும் அவர் அறியமாட்டார். சண்டைக் கணக்கில் 7 புள்ளி நட்டம் என்று அழுதவர்கள், இந்தக் கணக்கை ஏன் போட்டுக் காட்டுவதில்லை?

இங்கே ஒரு சாமர்த்தியமான மறுப்பு வரும். பூனை எதற்கு ஒளிய வேண்டும்? பூனையைக் கண்டு யாரும் சந்தேகப்படப் போவதில்லை. ஆகவே ரோக் கொடுக்கும் மறைவு மிகை என்பார்கள். இந்த மறுப்பை நாம் வரவேற்கிறோம், ஏனென்றால் நம் பாத்திரத்தின் உட்பொருளை அதுவே திறந்துகாட்டுகிறது. மறைவு என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் அது இருவகை. கண்ணில் படாமலே போவது ஒரு வகை. கண்ணில் பட்டும் இன்னாரென்று தெரியாமல் போவது மற்றொரு வகை. ரோக் முன்னதன் வல்லுநர். இல்லாதவராகிவிடுவதே அவர் கலை. ட்ரூயிட் பின்னதன் வல்லுநர். வேறொன்றாகிவிடுவதே அவர் கலை. இல்லாமல் போகவும் வேறாகவும் ஒருங்கே கற்ற ஒருவர், தாமாக இருக்கும் நேரம் எது? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நடக்கும் பாத்திரம் இந்த ஆட்டத்தில் வேறெங்கே கிடைக்கும்? இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால் வீண் என்கிறவர் இரண்டையுமே சரியாகப் பார்க்கவில்லை.

வகுப்புகளை இயற்கைப் பிரிவுகள்போல நடத்துவதும் நமக்கு உடன்பாடில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் முதல் விதிநூல்களை வெளியிட்டபோது போர்வீரர், மந்திரவாதி, பூசகர் என்று மூன்றே வகுப்புகள். கள்வர் வகுப்பு 1975இல் கிரேஹாக் என்னும் துணைநூலில் வந்து சேர்ந்தது. ட்ரூயிட் அதே நூலில் எதிரியாகத்தான் தலைகாட்டியது; ஆட்டக்காரர் ஏற்கத்தக்க வகுப்பாக ஆனது 1976இல், எல்ட்ரிச் விசார்ட்ரி என்னும் துணைநூலில். கள்வரும் ட்ரூயிடும் வெவ்வேறு பெட்டிகளில் இருப்பதற்கு, வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு இணைப்புகளாக அச்சேறியதும் ஒரு காரணம். ஒருவர் முதலில் கள்வரை நினைத்தார், பிறகு ட்ரூயிடை நினைத்தார்கள். அச்சகத்தின் வரிசை பிரபஞ்சத்தின் ஒழுங்காகிவிடாது.

இலக்கிய வாசகர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இதற்கடுத்து வருகிறது. 1978இல் வெளியான ஆட்டக்காரர் கைநூலின் பின்னிணைப்பில் பாணன் என்னும் வகுப்பு இருக்கிறது. எடுத்த எடுப்பில் யாரும் பாணனாகிவிட முடியாது. முதலில் போர்வீரராக வளர வேண்டும். பிறகு அதைக் கைவிட்டுக் கள்வராக வேண்டும். அதையும் கைவிட்டு ட்ரூயிடுகளிடம் மாணாக்கராகப் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகே பாடல். கள்வரிடமும் ட்ரூயிடிடமும் அடுத்தடுத்துக் கற்றவரே கவிஞர் என்று அன்றைய விதிநூல் சொல்லிவைத்திருக்கிறது. நாம் வீண் என்று கேள்விப்படுகிற கலப்பு, 1978இல் கவிஞருக்கான தகுதியாக இருந்தது. ஐந்தாம் பதிப்பிலும் இதன் எச்சம் ஒன்று உண்டு. முதற்படியிலேயே தனக்கென ஓர் இரகசிய மொழியைப் பெறும் வகுப்புகள் இவ்விரண்டும்தான்: ட்ரூயிடுக்கு ட்ரூயிடிக், ரோகுக்குக் கள்வர் பேச்சு. நம் இலக்கணிகள் குழூஉக்குறி என்று பெயரிட்டு வைத்தார்களே, அதுதான். இரண்டு குழூஉக்குறிகளும் அறிந்த ஒருவருக்கு மொழியைப் பற்றி எதுவும் தெரியாது என்று யாராவது சொல்லட்டும்.

விதிநூலை விட்டுத் தொன்மங்களுக்குப் போனால் வழக்கு இன்னும் எளிதாகிவிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி எழுதிவைத்த கதையில், கவித்துவத்தைத் தரும் தேறலை ஓர் அரக்கன் மலைக்குள் பூட்டி வைத்திருக்கிறான். ஓடின் மலையில் துளை போட வைத்து, பாம்பாகி அத்துளைக்குள் நுழைகிறார். மூன்று இரவுகள் காவற்பெண்ணோடு தங்கி, தேறல் முழுவதையும் குடித்துவிட்டு, கழுகாகிப் பறந்து தப்புகிறார். நுழைய ஓர் உரு, தப்ப ஓர் உரு. நடுவே, வஞ்சிக்கும் பொழுதில், மனித உரு. இதே வடபுல மரபில் லோகி, ஃப்ரெய்யாவின் கழுத்தணியைத் திருட ஈயாகி அறைக்குள் புகுகிறான். வேல்ஸ் நாட்டுக் கதையில், கெரிட்வென் தன் மகனுக்காகக் காய்ச்சிய ஞானத்தின் மூன்று துளிகள் கொப்பரையைக் காத்துநின்ற க்வியோன் என்னும் சிறுவனின் விரலில் தெறிக்கின்றன. அவன் விரலை வாயில் வைத்துக்கொள்கிறான். பிறகு ஓட்டம். அவன் முயலாக, அவள் வேட்டைநாயாகிறாள். அவன் மீனாக, அவள் நீர்நாயாகிறாள். அவன் பறவையாக, அவள் பருந்தாகிறாள். கடைசியில் தானியக் குவியலில் ஒரு மணியாகி ஒளிந்தவனைக் கருங்கோழியாகி விழுங்குகிறாள். அவள் வயிற்றிலிருந்து மறுபடி பிறப்பவன்தான் தாலியெசின், வேல்ஸின் தலைப்பாணன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லட் கெஸ்ட் அம்மையார் ஆங்கிலத்தில் தந்த தொகுப்பால் இக்கதை பரவலாக அறியப்பட்டது.

இந்தக் கதைகளில் உருமாற்றமும் களவும் இரண்டு தொழில்களாகவே இல்லை. உருமாறுவது களவின் கருவி. களவு உருமாறுவதன் காரணம். ஒரே செயலின் இரு பெயர்களை இரண்டு பெட்டிகளில் போட்டுவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து வைக்க விரும்புகிறவரைப் பார்த்து விதிமீறலைக் கண்டதுபோல முகஞ்சுளிப்பது எந்த ஊர் நியாயம்? இரண்டு கதைகளில் திருட்டுப்போவது கவித்துவமும் ஞானமுமாக இருப்பதையும் நாம் தற்செயலாகக் கொள்ளவில்லை. நேர்வழியில் நடந்து, தானாகவே இருந்துகொண்டு, அதை யாரும் பெற்றதாகக் கதை இல்லை.

தூய்மைவாதிகளின் குரலும் ஒன்று உண்டு. இயற்கையின் காவலர் பிறர் பையில் கைவிடுவாரா, ட்ரூயிடின் அறம் களவை ஏற்குமா என்பார்கள். இயற்கையைப் பூங்காவாக மட்டும் கண்டவர்களின் கேள்வி இது. ஒளிந்திருப்பதும் உருத்திரிந்து நிற்பதும் காட்டில் குற்றமாகாது. புலியின் வரியும், இலைப்பூச்சியின் உடலும், குயில் காக்கைக் கூட்டில் வைத்துவிட்டுப் போகும் முட்டையும் எந்த அறநூலைக் கேட்டு நடந்தன? வரலாற்று ட்ரூயிடுகளைப் பற்றி ஜூலியஸ் சீசர் தம் கால் போர்க் குறிப்புகளில் எழுதுகிறபோது, அவர்கள் தம் கல்வியை எழுத்தில் வைக்க ஒப்பவில்லை என்றும், சிலர் இருபது ஆண்டுகள் மாணாக்கராக இருந்தார்கள் என்றும் சொல்கிறார். மறைத்துக் காப்பதே அவர்கள் கல்வியின் முறை. அவர்களுக்கு மறைவைக் கற்றுத்தர ரோக் வந்தால் அவமானம் என்பது நகைப்புக்குரியது.

இதுவரை எதிர்த்தவர்களோடு பேசினோம். இனி நண்பர்களோடு சண்டை. பல மேசைகளில் ஆட்டத்தை நடத்துபவர், பாவம், இந்தப் பாத்திரம் இத்தனை இழக்கிறதே என்று மனமிரங்கி, பூனையின் நகத்தாலும் மறைதாக்கு செல்லும் என்று சொந்த விதி போட்டுக்கொடுக்கிறார். இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் 2003இல் வந்த அதன் திருத்தத்திலும் நகமும் பல்லும் மறைதாக்குக்கு உதவின. 2005இல் வெளியான கம்ப்ளீட் அட்வென்ச்சரர் என்னும் நூல், விலங்குருவையும் மறைதாக்கையும் குத்துவாளையும் இணைக்கவென்றே டேகர்ஸ்பெல் ஷேப்பர் என்னும் சிறப்பு வகுப்பைத் தந்தது. பின்னர் அந்தக் கதவு சாத்தப்பட்டது. சாத்தியவர்களின் நோக்கம் கணக்கைச் சமன்செய்வதாக மட்டும் இருந்திருக்கலாம். நோக்கம் எதுவானாலும், அறியாமலே அவர்கள் ஒரு நல்ல பாத்திரத்தைச் செய்துவிட்டார்கள். அந்தக் கதவைத் திறக்காதீர்கள் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

ஏன் என்பதற்கு எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். எங்களில் ஒருவர் ஆடிய பாத்திரம், ரோகில் மூன்று படியும் ட்ரூயிடில் இரண்டு படியும் எடுத்தவள். இரண்டு படி ட்ரூயிடுக்கு விலங்குரு ஒரு மணிநேரம்தான். தானிய வணிகர் ஒருவரின் மாளிகைக்கு மாலைதோறும் பூனையாகப் போய்வந்தாள். வீட்டார் அந்தப் பூனைக்குப் பால் வைக்கப் பழகிவிட்டார்கள். சமையற்காரி அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டாள். ஓரிரவு, மேசைக்கடியில் படுத்திருந்த பூனையின் காதில், எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஆலைச் சிறுவனைத் தீர்த்துவிடச் சொல்லும் பேச்சு விழுகிறது. சிறுவன் அதே அறையில், கட்டுண்டு இருக்கிறான். மெய்க்காவலன் வாளை உருவுகிறான்.

இந்த இடத்தில் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். பூனையின் நகத்தால் 1 புள்ளி காயம் செய்யலாம். அது யாரையும் தடுக்காது. மனித உருவுக்குத் திரும்புவது போனஸ் ஆக்‌ஷன் எனப்படும் துணைச்செயல். ரோக் வகுப்பினர் சண்டைக்கு நடுவே சட்டென்று ஒளிந்துகொள்வதும் துணைச்செயல். ஒரு சுற்றில் துணைச்செயல் ஒன்றுதான். அதாவது, மனுஷியாகத் திரும்புகிற அந்தச் சுற்றில் அவள் மறுபடி ஒளிய முடியாது. எல்லார் கண்ணெதிரே எழுந்து நின்றவளுக்கு மறைதாக்கும் இல்லை என்று நடத்துபவர் சொல்லிவிட்டார், சொன்னது சரி. எங்கள் நண்பர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பூனையாகவே இருந்துவிட்டால் வேவு தொடரும், பால் கிண்ணமும் அந்தப் பெயரும் தொடரும், சிறுவன் சாவான். எழுந்து நின்றால் அந்த வீட்டில் அவளுக்கு இருந்த எல்லாமும் போகும். கடைசியில், திரும்புகிறேன் என்றார். பகடை 4 காட்டியது. குத்து விலகிப்போனது. ஆனால் அறையிலிருந்த அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். வாள் சிறுவனை விட்டு அவள் பக்கம் திரும்பியது. அதன் பின் பல மாதங்கள் நாங்கள் ஆடியதெல்லாம் அந்த முகம் தெரிந்துபோனதன் விளைவுகளைத்தான்.

நகத்தால் மறைதாக்கு செல்லும் என்று நாங்கள் இரங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பூனை மேசைக்கடியிலிருந்து பாய்ந்திருக்கும். காவலன் விழுந்திருப்பான். பூனை சன்னல் வழியாகப் போயிருக்கும். மறுநாள் மாலை பால் கிண்ணத்துக்குத் திரும்பவும் வந்திருக்கும். யாரும் எதையும் இழந்திருக்கமாட்டார்கள், எங்களுக்கும் இன்று சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. விலங்காக எதையும் பார்க்கலாம், எங்கும் போகலாம். ஆனால் ஓர் உயிரை எடுக்க வேண்டுமானால் தன் சொந்த முகத்தோடு வந்து நின்றாக வேண்டும் என்று விதி சொல்கிறது. எந்த நாவலாசிரியரும் தம் பாத்திரத்துக்கு விரும்பி எழுதக்கூடிய நிபந்தனை இது. எங்களுக்கு அது இலவசமாக, வறண்ட விதிநடையில், ஆயுதப் பட்டியலின் ஓரத்தில் எழுதிக் கிடைத்திருக்கிறது. அதைக் குறை என்று எண்ணிச் செப்பனிடுவது, வெண்பாவின் ஈற்றடியில் ஒரு சீர் குறைகிறதே என்று இரக்கப்பட்டு நான்காம் சீரைச் சேர்த்துக்கொடுப்பது போன்றது. அந்தக் குறைவில்தான் வெண்பா முடிகிறது. சேர்த்துக்கொடுத்தால் அடி நிறையும், பா போய்விடும்.

நேரக் கட்டுப்பாட்டையும் இப்படியே பார்க்கிறோம். முழு ட்ரூயிடாகப் பத்துப் படி ஏறியவருக்கு விலங்குருவில் ஐந்து மணிநேரம். கலப்புப் பாத்திரத்துக்கு ஒன்றோ இரண்டோ. இதையும் நட்டக் கணக்கில் எழுதுகிறார்கள். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீயில், கெட் என்னும் இளம் மந்திரவாதி வல்லூறாகிக் கடல்தாண்டிப் பறக்கிறான். அந்த உருவில் அதிக நேரம் இருந்துவிட்டதால், குருவின் கையில் வந்தமர்கிறபோது தான் மனிதன் என்பதே அவனுக்கு மங்கிப்போயிருக்கிறது. விதிநூலில் இந்த ஆபத்து இல்லை. அங்கே மனம் ஒருபோதும் மங்குவதில்லை. மிஞ்சியிருப்பது கடிகாரம் மட்டுமே. கலப்புப் பாத்திரத்தின் கையில் இருக்கும் அந்தக் குறுகிய ஒரு மணிநேரம், விலங்குருவுக்கு ஏதேனும் ஓர் அச்சத்தைத் திருப்பித் தருகிறது. ஐந்து மணிநேரம் கையிலிருப்பவர் கூரையில் படுத்து வெயில் காயலாம். ஒரு மணிநேரம் இருப்பவர் ஒவ்வோர் அறையிலும் நாழிகையை எண்ணிக்கொண்டிருப்பார்.

நம் கட்சியிலும் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் உண்டு. பல்வகுப்பு என்ற பெயரில் பெருமளவு நடப்பது சந்தைக்கடை வேலை. இங்கே ஒரு படி, அங்கே இரண்டு படி என்று சலுகைகளைப் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, ஏன் இவர் இப்படி ஆனார் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறவர்கள் நிறைய. கணக்கர்களின் பிள்ளைகள்தான் அவர்களும். எதிர்முனையில் நின்று அதே கணக்கைப் போடுகிறார்கள். அவர்களுக்காக நாம் வாதாடவில்லை. நாம் வைக்கும் சோதனை எளிமையானது. இரண்டாம் வகுப்பில் காலடி வைக்கும்போது உங்கள் பாத்திரம் எதை விட்டுவிட்டு வருகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? காட்டில் வளர்ந்தவள் ஏன் நகரத்துக்கு வந்து பூட்டு திறக்கக் கற்றாள்? நகரத்தில் பிழைத்தவள் எந்த இரவில், எதிலிருந்து ஓடி, காட்டிடம் உரு கேட்டாள்? பதில் இருந்தால், அவள் இழக்கிற 7 புள்ளியும் மேல்நிலை மந்திரங்களும் அந்தப் பதிலின் விலை. விலை கொடுத்தவள் என்பது ஆட்டம் முழுக்கத் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே மூத்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை புதியவர் ஒருவர் வந்து, பூனையாக மாறி வீடு புகும் திருடியை ஆட விரும்புகிறேன் என்றால், காகிதத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கணக்கு உங்களுக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் வீடு, எதைத் திருடப் போகிறாள், யாருக்காக என்று கேளுங்கள். நடத்துபவராக இருந்தால், அவளுக்குச் சலுகை எதுவும் தராதீர்கள். விதி மறுக்கிற இடத்தில் நீங்களும் மறுத்துவிட்டு, அவள் என்ன செய்கிறாள் என்று காத்திருங்கள். அந்த வீட்டில் ஒரு கிண்ணம் பால் வைக்க மட்டும் மறந்துவிட வேண்டாம்.